ஒத்தைச் செருப்போட வர்றவன்

புந்தா மனாக்லா, சமனா
1993 செப்டம்பர் 12

மருமக நெரெய்தாவுக்கு,

கடவுள் உன்னையும் என் பேத்தி யாமிலேவையும் ஆசீர்வதிக்கட்டும். நீ கேக்கிறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன், இனி கேக்க மறந்துட்டேன்னு சாக்கு சொல்ல வேண்டாம். நான் நல்லா இருக்கேன். என் முட்டி ரேடியோவுக்கு முன்னாலயே மழையைச் சொல்லிடுது. ரேடியோவை வித்துடலாம்னு பாக்கிறேன்.

உன் கடுதாசியைக் கடைக்காரனோட தம்பி கொண்டு வந்து குடுத்தான். நீ கேட்டதுக்கு நேராவே பதில் சொல்றேன். எவாரிஸ்தோவுக்கு, நம்ம வாரோவுக்கு, ஒன்பது நாள் ஜெபம் வைக்கச் சொல்றே. புவேர்த்தோ ரிக்கோவுக்குத் திருட்டுப் படகு ஏறிப் போனவன் திரும்பல, ஒரு வரி எழுதல, அதனால செத்ததா வச்சு ஊரைக் கூட்டி அழுது முடிங்கறே. முடியாது. என் பையன் சாகல, தாமதமாயிருக்கான். அவன் எதுக்கு நேரத்துக்கு வந்தான்? உன் கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் ரெண்டு தடவை தூங்கி எழுந்தாரே, மறந்துட்டியா?

இன்னொண்ணு. அவன் பேருக்குப் பின்னால 'நிம்மதியா உறங்கட்டும்'னு எழுதியிருந்தே. செத்தவங்களுக்கு ஒட்டுற வால் அது. பேனா எடுத்து அடிச்சுட்டேன். இனிமே எழுதாதே, மை வீணாகுது.

இப்ப சந்தோஷமான சேதி. நான் இங்கிலீஷ் கிளாஸ்ல சேந்துட்டேன். சிரிக்காதே. திமிங்கலம் பாக்க வர்ற வெள்ளைக்காரங்களுக்குப் பொரிச்ச ரொட்டி விக்கணும்னா நாலு வார்த்தை வேணும். சந்தியாகோவுலயிருந்து தாமாரிஸ்னு ஒரு சின்னப் பொண்ணு வந்திருக்கா, டீச்சர். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தகரக் கோயில்ல, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். அந்தக் கல்லறையில படுத்திருக்கிற பழசுங்க பாதிப் பேரு அந்தக் காலத்துல அமெரிக்காவுலயிருந்து வந்து குடியேறி இங்கிலீஷ் பேசினவங்க. நாங்க தப்பாச் சொன்னா அவங்க புரண்டு படுப்பாங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். அவ கோயிலோட அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திட்டா.

இப்ப வால் வைக்கிற பாடம் நடக்குது. ஆளை முதல்ல நிறுத்தணும், அப்புறம் எந்த ஆளுன்னு தெரியப் பின்னால வால் ஒட்டணும். நம்ம பாஷையில வால் ஒட்ட 'கே'ங்கிற ஒரே வார்த்தை போதும், மனுஷனுக்கும் மாட்டுக்கும் மண்வெட்டிக்கும். இங்கிலீஷ்காரன் கஞ்சன் மாதிரி தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கான். மனுஷனுக்கு 'ஹூ', சாமானுக்கு 'விச்', இடத்துக்கு 'வேர்'. நம்ம ஊராட்சித் தலைவரை எதுல சேக்கிறதுன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது, டீச்சர் மட்டும் யோசிச்சா.

அவ ஒரு விளையாட்டு வச்சிருக்கா. பலகையில ஒரு ஆளை எழுதுவா. ஒவ்வொருத்தரும் ஒரு வால் ஒட்டணும். முதல் வாலை நான் ஒட்டினேன்: ஆள், விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போனவன். அவ்வளவுதான். இங்கிலீஷ்ல இதைச் சொன்னா யாரும் நெத்தியில சிலுவை போட்டுக்கல. எனக்கு அந்த பாஷை பிடிச்சுப் போச்சு.

குளிருக்கு முன்னாடியே கம்பளி எடுத்து வெயில்ல போடு.

உன் மாமா,
திபுர்சியோ


பிராங்க்ஸ், நியூயார்க்
1993 அக்டோபர் 3

மாமா, ஆசீர்வாதம் குடுங்க.

யாமிலேயும் நானும் சொகம். உங்க முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கேன். தேய்க்கணும், குடிக்கக் கூடாது, போன தடவை மாதிரி ருசி பாக்காதீங்க. உங்க இங்கிலீஷைப் பத்திச் சொன்னதும் யாமிலே சோபாவுல உருண்டு சிரிச்சா. ஊருக்கு வந்து தாத்தாவுக்குப் பரீட்சை வைக்கப் போறாளாம். அவளுக்கு இப்ப நம்ம பாஷைதான் தடுக்குது.

ஜெபத்தை நான் சும்மா கேக்கல. செத்தவரோட அப்பா உசிரோட இருக்கிறப்ப அந்த அப்பா வாயாலதான் ஜெபத்தைத் தொடங்கணும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லாத வரைக்கும் நான் விதவை இல்ல, பொண்டாட்டியும் இல்ல. கோயில்ல எந்தப் பெஞ்சுல உக்காரறதுன்னே எனக்குத் தெரியல மாமா. உங்க பையன் போனப்ப யாமிலேவுக்குப் பல்லு முளைக்கல. இப்ப விழுந்து முளைச்சுட்டுது.

இங்க குளிர் ஆரம்பிச்சுட்டுது. வீட்டுச் சூடேத்தி கெட்டுப் போயிருந்துச்சு, இப்ப சரியாயிட்டுது. கவலைப்படாதீங்க.

உடம்பைப் பாத்துக்குங்க.

நெரெய்தா


புந்தா மனாக்லா
1993 அக்டோபர் 24

மருமகளே, கடவுள் ஆசீர்வாதம் உனக்கு.

தைலம் வந்துச்சு. ருசி போன தடவையை விட மோசம்.

சூடேத்தி 'சரியாயிட்டுது'ன்னு எழுதியிருக்கே. தானாவா? இங்க என் கூரை தானாச் சரியாக மாட்டேங்குது. சரிபண்ணினவனுக்குப் பேர் உண்டா, இல்ல அவனும் சாமானுக்கான 'விச்'சுலதான் சேருவானா? குறட்டை விடுவானான்னு மட்டும் எழுது.

ஜெபம் கிடையாது. அதை ஒரு வரியில முடிச்சுட்டேன் பாரு.

கிளாஸ்ல நான்தான் கடைசி மார்க். டீச்சர் என்னைத் திட்டுற ஒரே விஷயம், ஆளை ரெண்டு தடவை சொல்லிடறேனாம். 'ஆள், எவனை நான் அவனைப் பாத்தேனோ' அப்படின்னு. நம்ம ஆளுங்க எல்லாருமே பண்ற தப்புதான், நான் கொஞ்சம் கூடுதலாப் பண்றேன். "தோன் திபுர்சியோ, ஆளை ஏற்கெனவே உள்ள விட்டுட்டீங்க, மறுபடியும் எதுக்கு உள்ள விடறீங்க?"ன்னு கேக்கிறா. சரியா உள்ள வந்தானான்னு பாக்கத்தான்னு சொன்னேன்.

நான் வாரோவைப் பத்தி ஆரம்பிச்ச அந்த வாக்கியத்தை அழிக்க வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டு வச்சிருக்கேன். அது இப்ப பலகையில கீழ வரைக்கும் வந்துட்டுது. பைக் டாக்சி ஓட்டுற போலோ ஒரு வால் ஒட்டினான்: ஒத்தைச் செருப்போட நடந்து வர்றவன். ஓட்டல்ல அறை கூட்டுற கேனியா இன்னொண்ணு ஒட்டினா: வெயில்ல நடந்தும் காயாதவன். யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். ரெண்டு பேரும் தோளைக் குலுக்கினாங்க. போலோவுக்கு வாரோவைத் தெரியவே தெரியாது, அவன் இந்த ஊருக்கு வந்தே கொஞ்ச நாள்தான்.

நான் இதுல சந்தோஷப்படறேன்னு உனக்குக் கோவம் வரும். வரட்டும். இத்தனை நாளா இந்த ஊர்ல என் பையனைப் பத்தி யாரும் புதுசா ஒரு வார்த்தை சொல்லல.

யாமிலேவுக்கு என் முத்தம், இங்கிலீஷ்ல.

திபுர்சியோ


புந்தா மனாக்லா
1993 நவம்பர் 18

மருமகளே, ஆசீர்வாதம்.

உன்கிட்டேருந்து ஒண்ணும் வரல. உடம்பு சரியில்லையா, கோவமா? கோவம்னா நல்லது, குளிருக்கு அது சூடு குடுக்கும்.

வாக்கியம் பலகையை விட்டுச் சுவத்துக்குப் போயிட்டுது. டீச்சர் பயந்துட்டாளோ என்னமோ, செவ்வாய்க்கிழமை ஈரத்துணி எடுத்து முழுசாத் துடைச்சுட்டா. "புதுசா ஒண்ணு பண்ணலாம்"னா. அப்ப ஒண்ணு நடந்துச்சு. கிழமைப் பேரை வரிசையாச் சொல்லத் தெரியாத கூட்டம் எங்க கூட்டம். அந்தக் கூட்டம் எழுந்து நின்னு, துடைச்ச வாக்கியத்தை முதல் வாலுலயிருந்து ஒரு பிசகில்லாம ஒண்ணாச் சொல்லிட்டுது. நானும்தான் சொன்னேன். எப்ப மனப்பாடம் பண்ணினேன்னு தெரியல. சொல்லி முடிச்சதும் போலோ என்னைப் பாத்து இளிச்சான், ஆனா கன்னம் வெளுத்திருந்துச்சு.

அப்புறம் கேனியா புதுசா ஒட்டினா: படியேறி வர்றவன். போலோ: இடுப்பளவு பச்சையும் அதுக்கு மேல மஞ்சளும் பூசின சுவத்தைத் தடவிக்கிட்டே வர்றவன். மறுபடி கேனியா: ஒரு சின்னப் பொண்ணு சாவியால கீறின மீன் கிட்ட வந்து நின்னு, அதைத் தொட்டுப் பாக்கிறவன்.

நம்ம ஊர்ல மாடி வீடு எங்க இருக்கு? கேனியா இந்தக் கடற்கரையை விட்டு எங்கயும் போனதில்ல. மீனுன்னு சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கிட்டா.

எனக்கு ஒண்ணும் பயமில்ல. உன்கிட்ட கேக்கத்தான் எழுதறேன். உங்க வீட்டுப் படி எப்படி இருக்கும்?

திபுர்சியோ


பிராங்க்ஸ்
1993 டிசம்பர் 5

மாமா, ஆசீர்வாதம் குடுங்க.

யாரு சொன்னாங்க உங்களுக்கு?

எங்க படிச் சுவரு பச்சை, மேல மஞ்சள். ரெண்டாவது மாடித் திருப்பத்துல யாமிலே சாவியால ஒரு மீன் கீறியிருக்கா. அதுக்காக அவளை அடிச்சேன். அந்தக் கதையை நான் யாருக்கும் எழுதல. இங்கேருந்து யாராவது உங்களுக்கு எழுதறாங்களா? என்னை வேவு பாக்க ஆள் வச்சிருக்கீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். அதுதான் எனக்கு நிம்மதி.

சரி, நானும் மறைக்கல. சூடேத்தியைச் சரி பண்ணினவர் பேரு வில்ஃப்ரிதோ. ரயில்ல வேலை, சாந்தமான மனுஷர். குறட்டை விடுவாரான்னு எனக்குத் தெரியாது, ஏன்னா நான் அப்படிப்பட்டவ இல்ல. என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்கார். மாமா சொன்னாத்தான்னு சொல்லியிருக்கேன். ஜெபத்தை இதுக்காகத்தான் கேட்டேன், போதுமா?

போன வாரம் ஸ்கூல் விட்டு வந்த யாமிலே சொன்னா, படியில ஒருத்தர் ஒதுங்கி வழி விட்டாராம், இங்கிலீஷ்ல 'குட் ஆஃப்டர்நூன்' சொன்னாராம். எப்படி இருந்தார்னு கேட்டேன். "ஒரு கால் வெறுங்காலும்மா, பாவம், இந்தக் குளிர்ல"ன்னா.

நான் உங்க கடுதாசியை அவளுக்குப் படிச்சுக் காட்டல.

நெரெய்தா


புந்தா மனாக்லா
1993 டிசம்பர் 19

மருமகளே,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், குழந்தையையும். உன் கடுதாசியைப் படிச்சுட்டு நான் வெளிய வந்து கொஞ்ச நேரம் கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன். கோழிகூட என் காலைக் கொத்திப் பாத்துட்டுப் போச்சு.

நான் வேவு வைக்கல. வேவு வைக்கிற அளவுக்கு எனக்கு அமெரிக்காவுல செல்வாக்கு இல்ல.

கேனியா வேலை செய்யற ஓட்டலுக்குப் போய்க் கேட்டேன். படுக்கைத் துணியைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. "தோன் திபுர்சியோ, எனக்கு அந்த வார்த்தைங்கள்ல பாதிக்கு அர்த்தமே தெரியாது. விக்கல் மாதிரி வருது. வந்ததும் தொண்டை உப்புக் கரிக்குது"ன்னா. இனிமே கிளாஸுக்கு வர மாட்டேன்னா. ஆனா வியாழக்கிழமை எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருந்தா.

மருமகளே, இதைக் கேளு. அவன் வர்றான். நான் சொன்னேன்ல, தாமதம்தான்னு. இங்கிலீஷ்ல கூப்பிட்டாத்தான் கேக்குதோ என்னமோ, அமெரிக்கா பக்கம் போனவனாச்சே. கதவு தட்டினா திற. அந்த வில்ஃப்ரிதோகிட்ட நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல, நல்ல மனுஷனா இருப்பான், ஆனா இன்னொருத்தன் வீட்டுச் சூடேத்தியைச் சரி பண்ணினவன் கையைத் துடைச்சுக்கிட்டுப் போகட்டும். வந்துக்கிட்டிருக்கிறவனுக்கு எப்படிம்மா ஜெபம் வைக்கிறது?

கிறிஸ்துமஸுக்கு யாமிலேவுக்கு ஒரு தேங்காய் மிட்டாய்ப் பொட்டலம் அனுப்பறேன். பல்லு விழாமப் பாத்துச் சாப்பிடச் சொல்லு.

திபுர்சியோ


பிராங்க்ஸ்
1994 ஜனவரி 9

மாமா,

ஆசீர்வாதம் கேக்கிறேன். இந்தத் தடவை பழக்கத்துக்குக் கேக்கல, வேணும்னு கேக்கிறேன்.

அவன் இப்ப எங்க வாசல்ல நிக்கிறான். தினம் சாயங்காலம், யாமிலே ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு. கதவுல இருக்கிற கண்ணாடித் துளை வழியாப் பாத்தா யாரும் இல்ல. திறந்து பாத்தா மிதியடி நனைஞ்சிருக்கு. யாமிலே தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு உப்புன்னா. வில்ஃப்ரிதோ அந்தத் தண்ணியில வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டார். அப்பவும் அந்த மனுஷன் கட்டுப் போட்ட கையோட வந்து துணியால துடைச்சுட்டுப் போனார்.

வாரோவுக்காகக் கதவைத் திறந்து வச்சுக் காத்திருந்தவ நான். நீங்க மட்டும் காத்திருந்ததா நினைச்சுக்காதீங்க. ஒவ்வொரு படகுச் சேதிக்கும் போய் நின்னவ நான், பேரு கேட்டவ நான். அப்ப வரல. இப்ப வர்றது அவர்தானான்னு எனக்குத் தெரியல. அவரா இருந்தா ஏன் தட்டல? ஏன் பொண்டாட்டியை விட்டுட்டுக் குழந்தை வர்ற நேரமாப் பாத்து நிக்கிறார்?

உங்க கிளாஸ்ல அடுத்து எந்த வாலை ஒட்டப் போறீங்க? உள்ள வர்றவன்னா? குழந்தை கையைப் பிடிக்கிறவன்னா? கூட்டிக்கிட்டுப் போறவன்னா?

ஜெபம் வைங்க மாமா. உங்க பையனைக் கொல்லச் சொல்லல. உறங்க விடச் சொல்றேன்.

நெரெய்தா


புந்தா மனாக்லா
1994 ஜனவரி 30

மருமகளே, கடவுள் ஆசீர்வதிக்கட்டும்.

இந்தத் தடவை கிண்டல் இல்ல, தேடாதே.

உன் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டே கிளாஸுக்குப் போனேன். அன்னிக்கு வால் ஒட்ட என் முறை. எழுந்து நின்னேன். நாக்கு நுனியில ஒண்ணு ரெடியா இருந்துச்சு, நான் யோசிக்காத வார்த்தை. நீ எழுதியிருந்தியே மூணாவதா, அது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். உப்பு, கேனியா சொன்ன மாதிரியே.

டீச்சரை வெளிய கூப்பிட்டு, பொண்ணே, இந்த விளையாட்டை நிறுத்துன்னேன். அவ அழுதுட்டா. எப்பவோ நிறுத்தியிருப்பாளாம், நான் வருத்தப்படுவேன்னு விட்டு வச்சாளாம். "நீங்க அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும்தான் சார் சிரிக்காம இருக்கீங்க"ன்னா.

ஜெபம் வைக்கிறேன். வர்ற வியாழக்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்கிழமை முடியும். வெள்ளைத் துணிக்குச் சொல்லியாச்சு, மெழுகுவத்தி வாங்கியாச்சு, இஞ்சித் தண்ணிக்கு இஞ்சி வந்துட்டுது. பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டதும் ஒருத்தரும் ஆச்சரியப்படல. எல்லாரும் நாற்காலியைத் தயாரா வச்சிருந்த மாதிரி தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் புதுச் சேதி போல.

அந்த வில்ஃப்ரிதோவோட கை தேவலையா? அந்தத் தைலத்தைத் தேய்க்கச் சொல்லு. குடிக்க வேண்டாம்.

திபுர்சியோ


பிராங்க்ஸ்
1994 பிப்ரவரி 8

மாமா, ஆசீர்வாதம் குடுங்க.

சீக்கிரமா எழுதறேன். கீழ் வீட்டுக்காரங்க நாளைக்கு விமானம் ஏறறாங்க, அவங்க கையில குடுத்துடணும். ஜெபம் வைக்காதீங்க. நான் கேட்டதை மறந்துடுங்க.

கதவைத் திறந்துட்டேன். நான் இல்ல, யாமிலே. சமையக்கட்டுல நான் அவரைக்காய் கழுவிக்கிட்டிருந்தேன். திரும்பினா மேஜையில உக்காந்திருக்கார். வாரோதான் மாமா. புருவத்துத் தழும்பு, அந்தக் காது, எல்லாம். ஒரு நாள்கூட வயசாகல. நான்தான் அக்கா மாதிரி இருக்கேன்.

எனக்குப் பயம் வரணும். வரல. சோறு போட்டேன், சாப்பிட்டார். துண்டு குடுத்தேன், துடைச்சார், மறுபடி நனைஞ்சார்.

நம்ம பாஷையில பேசினா புரியல அவருக்கு. பேரு சொல்லிக் கூப்பிட்டா என்னையே பாக்கிறார். இங்கிலீஷ் மட்டும்தான் வருது, அதுவும் ஒரே மாதிரியான வாக்கியம். யாமிலேதான் எனக்கு மாத்திச் சொல்றா. "நான் விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போனவன்" அப்படின்னு ஆரம்பிப்பாராம். ஒரு ஆளை ரெண்டு தடவை சொல்றாராம், அவ திருத்தறா, திரும்பச் சொல்றார், ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. எங்கயும் கூட்டிக்கிட்டுப் போகல மாமா. உக்காந்து அவளுக்கு வீட்டுப்பாடம் பண்றார். நான் இந்த வீட்டுல அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்ல.

வில்ஃப்ரிதோவை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேக்கல. அதுதான் மனசை அறுக்குது.

வைக்காதீங்க.

நெரெய்தா


புந்தா மனாக்லா
1994 பிப்ரவரி 20

மகளே,

கடவுள் உன்கூட இருக்கட்டும். உன் கடுதாசி இன்னிக்குத்தான் என் கைக்கு வந்துச்சு. தலைநகரத்துல சொந்தக்காரங்க வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டு வந்தாங்களாம், கீழ் வீட்டுக்காரங்க. மன்னிப்புக் கேட்டாங்க, ஒரு டப்பா பிஸ்கட் குடுத்தாங்க.

ஜெபம் முடிஞ்சுட்டுது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜெபத்துக்கு வீட்டுல வச்சிருந்த பீடத்தைக் கலைச்சோம். பொம்பளைங்க வெள்ளைத் துணியை உதறி மடிச்சாங்க. கடைசியில அப்பன் சொல்லணும். நான் சொன்னேன். எவாரிஸ்தோ, நிம்மதியா உறங்கட்டும். சத்தமா, நம்ம பாஷையில, எல்லார் காதுலயும் விழற மாதிரி. மெழுகுவத்தியை நானே அணைச்சேன். அப்புறம் தோமினோ ஆடினாங்க, நான் ஜெயிச்சேன்.

அந்த வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எழுது. எதையும் விடாதே. என்னைத் திட்டிட்டு எழுதினாலும் சரி.

திபுர்சியோ


பிராங்க்ஸ்
1994 மார்ச் 13

மாமா, ஆசீர்வாதம் குடுங்க.

எழுத முடியல, அதான் நாளாச்சு.

ஸ்கூலுக்கு அன்னிக்குப் பனி லீவு. ரெண்டு பேரும் மேஜையில இருந்தாங்க. யாமிலே ஏதோ கேட்டா, அவர் பதில் சொல்ல ஆரம்பிச்சார். பாதியில நின்னுட்டுது. அவ மிச்சத்துக்காகப் பாத்துக்கிட்டே இருந்தாளாம். நான் எட்டிப் பாத்தப்ப நாற்காலிதான் இருந்துச்சு, காஞ்சு போய். அதுவரைக்கும் நனைஞ்சிருந்த வீடு பூரா காஞ்சு போச்சு மாமா, மிதியடி, தரை, துண்டு எல்லாம்.

யாமிலே அழல. உங்க மேல கோவமா இருக்கா. நான் கேட்டுத்தான் நீங்க செஞ்சீங்கன்னு இன்னும் அவகிட்ட சொல்லல.

நான் இப்ப விதவை. கேட்டதைக் குடுத்துட்டீங்க. வில்ஃப்ரிதோ நேத்து வந்தார், வாசல்லயே நின்னார், கைக்கட்டை அவுத்துட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் வச்சுக்கலாமான்னு கேட்டார். மனசு சரின்னு சொல்லுது. ஆனா ஒவ்வொரு தடவை படியில சத்தம் கேக்கிறப்பவும் எழுந்து போய்க் கதவுகிட்ட நிக்கிறேன். இப்படி ஒருத்தி எப்படி இன்னொருத்தருக்குச் சமைச்சுப் போடறது?

நெரெய்தா


புந்தா மனாக்லா
1994 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு

மகளே நெரெய்தா,

கடவுள் உன்னையும் யாமிலேவையும், கை சரியான அந்த மனுஷனையும் ஆசீர்வதிக்கட்டும். பாரு, அவனையும் சேத்துட்டேன். நான் சொகம். இந்த வாரம் தவக்காலத்துக்குன்னு அவரைக்கொட்டைப் பாயசம் காய்ச்சினேன், அடி பிடிச்சுட்டுது, ஊருக்கே குடுத்தேன், யாரும் சொல்லத் துணியல.

நான் மறுபடி கிளாஸுக்குப் போனேன். டீச்சர் என்னைப் பாத்ததும் சாக்பீஸை ஒளிச்சு வச்சா. குடு பொண்ணேன்னு வாங்கி, பலகையில 'ஆள்'னு ஒரே வார்த்தை எழுதினேன். வால் ஒட்டல. திரும்பிப் பாத்தேன். போலோ தலையைக் குனிஞ்சுக்கிட்டான், கேனியா ரெண்டு கையாலயும் வாயை மூடிக்கிட்டா. யாருக்கும் விக்கல் வரல. சரி, ஆச்சுன்னு துடைக்கப் போனேன்.

அப்ப கல்லறைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியிலருந்து ஒருத்தர் ஒட்டினார். நல்ல சுத்தமான இங்கிலீஷ், ஆனா ஆளை ரெண்டு தடவை சொல்லிட்டார். டீச்சர்தான் எனக்கு மாத்திச் சொன்னா, உதடெல்லாம் வெளுத்துப் போய். ஆள், எந்த வீட்டுக்குப் போறதுன்னு கேக்கிறவன்.

மகளே, நான் ரொம்ப யோசிக்கல. சாக்பீஸை எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அத்தனையும் போட்டு எழுதினேன். அவன் பொறந்த வீடு, கடலுக்கும் கடைக்கும் நடுவுல இருக்கிறது, கூரை ஒழுகறது, கிழவன் ஒருத்தன் தனியா இருக்கிறது. டீச்சர் ஒரு தப்பும் கண்டுபிடிக்கல. என் வாழ்க்கையில முதல் தடவையா முழு மார்க்.

அதனால நீ வில்ஃப்ரிதோவுக்குச் சரின்னு சொல்லு. கதவுகிட்டப் போய் நிக்காதே, இனிமே அந்தப் படியில யாரும் வர மாட்டாங்க. ஊருக்கு முன்னாடி நான் சொன்னது சொன்னதுதான், நீ விதவை, கட்டிக்க உனக்கு முழு உரிமை உண்டு. வீட்டுக்குள்ள நான் யாருக்குச் சோறு போடறேன்கிறது என் பாடு. எனக்கு நனைஞ்ச நாற்காலி பெரிய விஷயமில்ல, கூரையே அப்படித்தான். லீவுக்கு யாமிலேவை அனுப்பு. கோவத்தோடயே வரட்டும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சை மாத்திச் சொல்ல ஒரு ஆள் வேணும். என் இங்கிலீஷ் ரொட்டி விக்கிற அளவுக்குத்தான் இருக்கு.

இதை எழுதறப்பவே வாசல்ல யாரோ தட்டற சத்தம். பகல் வெளிச்சம், கதவு திறந்துதான் கிடக்கு, இருந்தாலும் தட்டறான். அந்த ஊர் மரியாதை போல. தட்டட்டும். நான் கையெழுத்துப் போட்டு, உறை ஒட்டி, விலாசம் எழுதிட்டு நிதானமா எழுந்து போறேன். கொஞ்சம் காத்திருக்கட்டும் பய, நான் காத்திருக்கலையா.

உன் மாமா,
திபுர்சியோ